வாசலில் நிற்கும் கடிதம்

"அந்தப் பாவி யாரோ, அவன் கை விளங்குமா?"

தையல் மெஷினை நிறுத்தாமலேயே மாமியார் சபித்தார். மகளுக்கு வேலை இல்லை என்று போன வாரம் அந்தக் கம்பெனியிலிருந்து பதில் வந்ததிலிருந்து இந்த வீட்டில் பொழுது இப்படித்தான் விடிகிறது. பல் தேய்த்துக் காபி குடித்ததும் ஒரு சாபம். அதற்குப் பிறகுதான் ஊசியில் நூல் கோப்பார்.

சாபத்துக்குரிய அந்தக் கை அப்போது சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தது.

நடந்தது நமக்குத் தெரியும், வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கோப்பை கழுவிய மருமகள்தான் அந்த மகளுக்கு அண்ணி. அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் ஓர் இடம் காலியானது. நாத்தனார் விண்ணப்பம் போட்டாள். எல்லாச் சுற்றிலும் தேறினாள். கடைசியில் மேனேஜர், "நீங்க ரெண்டு பேரும் முன்னாடி ஒரே ஆபீஸ்ல இருந்தீங்களாமே, ஆள் எப்படி?" என்று அண்ணியைக் கேட்டார்.

'அவள் என் வீட்டுக்காரரின் தங்கை, என்னைக் கேட்காதீர்கள்' என்று அண்ணி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. 'கெட்டிக்காரிதான், ஆனால் அவசரக்காரி. நம் டீமுக்குச் சரிப்பட மாட்டாள்' என்று ஒரு வரி தட்டி அனுப்பினாள். அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

"என்னம்மா, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கேன், நீ வாயைத் திறக்க மாட்டேங்கறே?"

"பாவிதான் அத்தை" என்றாள் அண்ணி. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

நாத்தனாரும் அவளும் ஒரு காலத்தில் பக்கத்துப் பக்கத்து மேஜைக்காரிகள். 'வாடி போடி' என்று பேசிக்கொண்டவர்கள். தோழியின் அண்ணனைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்த மறுநாளே, "இனிமே அவ உனக்கு அண்ணி. நீங்கன்னு கூப்பிடு" என்று மாமியார் உத்தரவு போட்டுவிட்டார். நாத்தனார் சிரித்துக்கொண்டே கூப்பிட ஆரம்பித்தாள், பிறகு அதுவே நிலைத்துப்போனது.

நாத்தனார் இன்று காலையிலேயே கிளம்பிவிட்டாள். வேறொரு சின்னக் கம்பெனியில் வேலை விஷயமாக மத்தியானம் அவளுக்கு மீட்டிங். அண்ணியின் கணவர் கண்ணாடிக்கடையைத் திறக்கப் போய்விட்டார். வீட்டில் மாமியாரும் மருமகளும் தையல் மெஷினும்தான். பள்ளிச் சீருடைகள் கட்டுக் கட்டாகக் கூடத்து மூலையில் கிடந்தன.

படுக்கையறையில் பீரோவுக்கும் சன்னலுக்கும் நடுவே ஒரு மேஜை. அதுதான் அண்ணியின் ஆபீஸ். ஊரார் எழுதும் மென்பொருளில் தப்புக் கண்டுபிடிப்பது அவள் தொழில். லேப்டாப்பைத் திறந்தவள், தொழிலைப் பார்க்காமல் வலைத்தளத்தைத் திறந்தாள்.

மென்பொருள்காரர்கள் கூடுகிற அந்தத் தளத்துக்கு முதலாளி என்று யாரும் கிடையாது. ஆளாளுக்கு ஒரு சர்வர் வைத்துக்கொள்வார்கள். அதில் தெரிந்தவர் நாலு பேரைக் குடி வைப்பார்கள். ஒரு சர்வரில் எழுதுவது மற்ற சர்வர்களுக்கெல்லாம் போய்ச் சேரும். சின்னச் சின்ன வீடுகள், வீட்டுக்கு வீடு தபால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாத்தனாரும் அப்படி ஒரு சர்வர் வைத்திருக்கிறாள். செருப்பு அலமாரியின் மேல், சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக, பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வீட்டில் எல்லோருக்கும் அதில் இடம் உண்டு. மாமியார்கூடத் தைத்த துணிகளைப் படம் எடுத்துப் போட்டு, முகம் தெரியாத எஞ்சினியர்களிடம் பாராட்டு வாங்குவார்.

அண்ணி மட்டும் அதில் சேரவில்லை. எங்கோ தொலைவில் ஒருவர் நடத்தும் சர்வரில் இடம் பிடித்திருந்தாள். அவரை எல்லோரும் 'சாவிக்காரர்' என்பார்கள்.

"நம்ம வீட்லயே இடம் இருக்கறப்ப வெளியில எதுக்குக் குடி?" என்று மாமியார் ஒருமுறை கேட்டார்.

"பழகிடுச்சு அத்தை" என்று சமாளித்தாள். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பதை எந்த மருமகள் மாமியாரிடம் சொல்வாள்?

அங்கே அவள் பெயர் 'கொசுவலை'. நாத்தனார் பெயர் 'அரைத்தூக்கம்'. இன்று காலை அங்கே வழக்கமான கச்சேரி நடந்துகொண்டிருந்தது.

'ஒரு பட்டன் எந்த நிறத்துல இருக்கணும்னு எட்டுப் பேர் உக்காந்து பேசினோம். முடிவு: திரும்பவும் பேசணும்.'

'நீலம்னு சொல்லிட்டு ஓடிடுங்க.'

'போன தடவை ஓடினவரைத்தான் இப்ப டீம் தலைவரா போட்டிருக்காங்க.'

இன்னொரு மூலையில் வேறொரு பேச்சு. 'மீட்டிங்ல கேமராவை அணைச்சதும் என்ன பண்ணுவீங்க? நான் துணி மடிப்பேன்.'

'நான் அழுவேன்.'

'நான் அழுதுக்கிட்டே துணி மடிப்பேன்.'

மற்ற நாளாக இருந்தால் கொசுவலையும் உள்ளே புகுந்து நாலு வார்த்தை சொல்லியிருப்பாள். இன்று சிரிப்பு வரவில்லை. நெஞ்சில் ஒரு வாரமாக அடைத்துக்கொண்டிருந்தது. யாரிடமாவது சொன்னால் தேவலை என்று இருந்தது. பழைய தோழி ஒருத்தி இருக்கிறாள், தளத்தில் 'முக்காலி' என்று பெயர். அவளுக்குத் தனிக்கடிதம் எழுத ஆரம்பித்தாள்.

'முக்காலி, யார்கிட்டயாவது சொல்லலைன்னா எனக்குத் தலை வெடிச்சிடும். @அரைத்தூக்கம் வேலை கிடைக்காம போனதுக்குக் காரணம் நான்தான்.

அவசரக்காரின்னு சொன்னது பொய். அவ என்னைவிடக் கெட்டிக்காரி, ஆறே மாசத்துல எனக்கு மேல போய் உக்காந்துடுவா.

வீட்லதான் அத்தையும் அவளும். ஆபீஸ்லயும் அவதான்னா, நான் எங்க போய் நானா இருக்கறது?'

எழுதி முடித்ததும் கண் கலங்கியது. படித்துப் பார்க்கத் தைரியம் இல்லாமல் அனுப்பிவிட்டாள்.

கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

'அடியே கொசுவலை! யார் பேருக்கு முன்னாடி @ போட்டிருக்கே பாருடி! அவளுக்கும் ஒரு காப்பி போகும்!'

அண்ணி தான் அனுப்பியதைத் திறந்து பார்த்தாள். @ இருந்தது.

அந்தத் தளத்தில் அது ஒரு ஏற்பாடு. தனிக்கடிதம் என்றால், அதில் யார் யார் பெயருக்கு முன்னால் அந்த @ சுழி இருக்கிறதோ அவர்கள் அத்தனை பேருக்கும் அது போகும். அவர்களிடம் பேசுகிறோமா அவர்களைப் பற்றிப் பேசுகிறோமா என்று அதற்குத் தெரியாது. புதிதாக வருகிறவர்களுக்கு இதைப் பற்றி அண்ணியே பாடம் எடுத்திருக்கிறாள். இன்றைக்கு 'அரை' என்று தட்டியதும் தளமே முழுப் பெயரையும் சுழியோடு நீட்டியது. விரல் பழக்க தோஷத்தில் அமுக்கிவிட்டது. நுணல் வாயால் கெடும் என்பார்கள், அண்ணி விரலால் கெட்டாள்.

கடிதத்தை அழித்தாள். அழித்த கையோடு கூடத்துக்கு ஓடினாள்.

செருப்பு அலமாரி மேல் பெட்டி இருந்தது. பச்சை விளக்கைக் காணோம். பெட்டியின் பிளக் கீழே கிடந்தது. அதன் இடத்தில் தையல் மெஷினின் பிளக் செருகியிருந்தது.

"அத்தை, இதை எப்ப பிடுங்கினீங்க?"

"விடியக்காலையிலேயே. என் ரூம் பிளக்கு சுடுது, அதான் மெஷினை இங்க கூடத்துக்கே கொண்டுவந்துட்டேன்." மாமியார் குரலைத் தாழ்த்தினார். "அவகிட்ட சொல்லிடாதேம்மா, குதிப்பா."

"சொல்லலை அத்தை." அப்படியே மாமியாரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

நிம்மதி அலமாரியிலிருந்து படுக்கையறைவரைகூடத் தாங்கவில்லை. நாத்தனாரின் பெட்டி தூங்கினால் கடிதம் தொலைந்துபோகாது. சாவிக்காரரின் சர்வரில் வரிசையில் நின்று, பெட்டி எழுந்ததா எழுந்ததா என்று கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். அழித்துவிடு என்கிற சீட்டும் போகும், ஆனால் கடிதத்துக்குப் பின்னால்தான் போகும். கடிதம் உள்ளே நுழைந்த கணமே நாத்தனாரின் ஃபோனில் அறிவிப்பாக முழுசாக வந்து விழுந்துவிடும், அதைச் சீட்டால் அழிக்க முடியாது. அதற்கப்புறம் சீட்டு வந்து என்ன, வராமல் என்ன?

சாவிக்காரருக்கு எழுதினாள்.

'சாவி சார், அவசரம். நான் அழிச்ச ஒரு கடிதம் உங்க சர்வர்ல வரிசையில நிக்குது. அது வெளியில போறதுக்கு முன்னாடி எடுத்துக் கிழிச்சுப் போடுங்க, ப்ளீஸ்.'

பதில் மெதுவாக வந்தது. அவர் எப்போதும் மெதுவாகத்தான் தட்டுவார்.

'கொசுவலை, போன வருஷம் ஒருத்தர் இதையேதான் கேட்டார். நான் முடியாதுன்னேன். சாவிக்காரர்னா இப்படி இருக்கணும், அடுத்தவங்க தபால் பையில கை விடாத மனுஷன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சது யாரு?'

'நான்தான் சார்.'

'அப்ப மன்னிச்சுக்கங்க.'

அண்ணி எழுந்து நின்றாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து ஃப்ரிட்ஜைத் திறந்து, எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் மூடினாள். ஆபீஸ் மீட்டிங்கில் அவள் முறை வந்தபோது, "உங்க பக்கம் ஏதாவது தடங்கல் இருக்கா?" என்று மேனேஜர் கேட்டார். அந்த ஒரு வரியைக் கேட்டு வாங்கிய அதே மேனேஜர். "ஒண்ணுமில்லை" என்றாள். கேமராவை அணைத்தாள், மடிக்கத் துணிகூட இல்லை.

அப்போதுதான் ஃபோன் அடித்தது. நாத்தனார்.

"அண்ணி, என் பெட்டி செத்துக் கிடக்குது. கொஞ்சம் பாருங்களேன்."

"இங்க கரண்ட் இல்லம்மா." வாய் தானாகச் சொன்னது.

"கரண்ட் இல்லையா? அம்மா மெஷின் ஓடற சத்தம் கேக்குதே?"

கூடத்தில் தையல் மெஷின் தடதடவென்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

"அது... அந்த மூலையில மட்டும் ஏதோ கோளாறு. பெட்டிக்கு இப்ப என்ன அவசரம்?"

"மத்தியானம் மீட்டிங்ல நான் செஞ்ச புரோகிராமை ஓட்டிக் காட்டணும் அண்ணி. அது அதுலதானே இருக்கு."

"லேப்டாப்ல காப்பி இல்லையா?"

"பழசுதான் இருக்கு. கடைசியா திருத்தினதெல்லாம் நேரா பெட்டியிலேயே திருத்திட்டேன்." நாத்தனார் ஒரு மாதிரி சிரித்தாள். "திட்டாதீங்க. உங்க கம்பெனிக்காரங்க சொன்னது சரிதான் போல. நான் அவசரக்காரிதான்."

கம்பெனி காரணத்தை இவளிடமே சொல்லியிருக்கிறது! ஒரு வாரமாக இந்தப் பெண் அந்த வார்த்தையை மனசுக்குள் வைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறாள்.

"யார் சொன்னா அப்படி?"

"மெயில்லயே போட்டிருந்தாங்க. அதை விடுங்க. இந்த வேலையாவது கிடைக்கணும் அண்ணி. இன்னொரு தடவை இல்லைன்னு கேட்டா நான் தாங்க மாட்டேன். பாஸ்வேர்டு சொல்றேன், எழுதிக்கங்க."

கேட்பதற்கு முன்பே சொன்னாள். தன் சர்வரின் மொத்தச் சாவியையும் ஒரு நொடி யோசிக்காமல் கொடுத்தாள். அண்ணி மின்கட்டண ரசீதின் முதுகில் எழுதிக்கொண்டாள். ஓர் எழுத்தை இரண்டு தடவை எழுத வேண்டியிருந்தது.

ஃபோனை வைத்துவிட்டுக் கூடத்தில் போய் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது தூங்கினால் அண்ணி தப்பித்தாள், நாத்தனாருக்கு இரண்டாவது வேலையும் போச்சு. அது எழுந்தால் நாத்தனார் தப்பித்தாள், ஆனால் மீட்டிங்குக்குள் நுழைகிற நேரத்தில் ஃபோனில் அந்தக் கடிதம் வந்து விழும். இரண்டு பக்கமும் இடி வாங்குகிற மத்தளம்தான் நினைவுக்கு வந்தது.

'ஒரு வேலையைக் கெடுத்தது போதாதா?' என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள்.

பரணிலிருந்து நீட்டு பிளக் பலகையை எடுத்து வந்தாள். மெஷினுக்கும் பெட்டிக்கும் சேர்த்துச் செருகினாள். ஆனால் அதற்கு முன் பெட்டியின் நெட் ஒயரைக் கழற்றிவிட்டாள். பெட்டி எழுந்தது. லேப்டாப்பை நேராகப் பெட்டியில் மாட்டி, பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போனாள். அந்தச் சர்வரில் வருகிற கடிதங்களை உள்ளே எடுத்து உரியவரிடம் சேர்ப்பது ஒரு தனி வேலை. அதை மட்டும் நிறுத்தினாள். பிறகு ஒயரை மாட்டினாள்.

நாத்தனாரின் புரோகிராம் நன்றாக ஓடியது. ஒரு மருந்தகத்தில் எந்த மருந்து எப்போது தீரும் என்று முன்கூட்டியே சொல்கிற புரோகிராம். தொழில் புத்தியில் அண்ணி அதை இரண்டு இடத்தில் கிள்ளிப் பார்த்தாள். தப்பு அகப்படவில்லை.

கடிதங்கள் வர ஆரம்பித்தன. உள்ளே எடுக்க ஆள் இல்லாமல் வாசலிலேயே குவிந்தன. சாவிக்காரரின் சர்வரிலிருந்து வந்ததும் அதில் ஒன்று. யாருடையது, யாருக்கு என்பதெல்லாம் திரையில் தெரிந்தது.

வாசலில் கிடக்கிறது. குனிந்து எடுத்துக் கிழிக்க வேண்டியதுதான். ஒரு வரி தட்டினால் போதும், இருந்த சுவடே இருக்காது. அந்த வரியைத் தட்டியும்விட்டாள். கடைசிப் பட்டனை அமுக்குவதுதான் பாக்கி.

"இதைக் கொஞ்சம் பிடிம்மா."

மாமியார் ஒரு சட்டைக் கையோடு வந்து நின்றார். அண்ணி திடுக்கிட்டு லேப்டாப்பைப் பாதி மூடினாள். மாமியார் துணியை நீட்டி அளவு பார்த்துக்கொண்டே, "அவ பெட்டியை எழுப்பிட்டியா? நல்லவேளை, என் தலை தப்பிச்சுது" என்றார். போகிற போக்கில் நின்று திரும்பினார். "ஒண்ணு சொல்றேன் கேளு. அவளுக்குக் கூடப்பிறந்த அக்கா இல்லையேன்னு எனக்கு ஒரு குறை இருந்துச்சு. இப்ப இல்லம்மா."

அவர் போய்விட்டார். அண்ணி பாதி மூடிய லேப்டாப்பைப் பார்த்தாள். ஊரான் தபால் பையில் கை விடாத மனுஷர் என்று அவள்தான் புகழ்ந்தாள். அந்த மனுஷர் தனக்காக அந்தப் பைக்குள் கையை விடவில்லை என்று அரை மணி முன்னால் அவர்மேல் கோபித்துக்கொண்டவளும் அவள்தான். வெட்கமாக இருந்தது.

தட்டிய வரியை எழுத்து எழுத்தாக அழித்தாள். மீட்டிங் முடியட்டும், அவள் வீட்டுக்கு வரட்டும், நானே என் வாயால் சொல்லிவிடுகிறேன் என்று முடிவு செய்தாள். கடிதம் அதுவரை வாசலில் நிற்கட்டும்.

'எழுந்துடுச்சு' என்று நாத்தனாருக்கு அனுப்பினாள்.

'அண்ணின்னா அண்ணிதான்!' என்று பதில் வந்தது. அண்ணி ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள்.

மத்தியானம் நகரவே இல்லை. ஆபீஸில் ஒரு பையன் எழுதிய நிரலைச் சோதிக்க அனுப்பியிருந்தான். அரைகுறையாகப் பார்த்து, சரி என்று அனுப்பிவிட்டாள். ஐந்து நிமிஷத்தில் அவனே, 'அக்கா, அதுல நானே ஒரு தப்பு கண்டுபிடிச்சேன், நீங்க எப்படி விட்டீங்க?' என்று கேட்டான். என்ன பதில் சொல்வாள்? எப்படிச் சொல்வது, எந்த வார்த்தையில் தொடங்குவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஒத்திகையிலும் விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக மென்மையாகிக்கொண்டே வந்தது. அது அவளுக்கே தெரியவில்லை.

சாயங்காலம் வாசல் மணி விடாமல் அடித்தது. நாத்தனார் செருப்பைத் திசைக்கொன்றாக உதறிவிட்டு உள்ளே வந்தாள்.

"அவங்களுக்குப் பிடிச்சுப்போச்சு! கேள்வி மேல கேள்வி கேட்டாங்க. எல்லாத்துக்கும் ஓட்டிக் காட்டினேன். ஒரு இடத்துலகூட நிக்கலை!"

"வேலை கொடுத்துட்டானா?" என்றார் மாமியார்.

"கிட்டத்தட்ட. கூட வேலை பார்த்த யாராவது ஒருத்தர் பேரைக் கேட்டாங்க. திங்கட்கிழமை ஃபோன் பண்ணி விசாரிப்பாங்களாம்." அண்ணியைப் பார்த்துத் திரும்பினாள். "உங்க பேரைக் கொடுத்துட்டேன்."

"பின்னே வேற யார் பேரைக் கொடுப்பே?" என்று சொல்லிவிட்டு மாமியார் நிம்மதியாக மெஷினுக்குத் திரும்பினார். சக்கரம் சுழலத் தொடங்கியது.

அண்ணி நாத்தனாரின் கையைப் பிடித்துப் படுக்கையறைக்குக் கூட்டிப்போனாள். கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவப்படாம கேளு."

"என்ன அண்ணி, அண்ணனுக்கும் உங்களுக்கும் சண்டையா?"

"இல்லை. எங்க கம்பெனி விஷயம். உன்னைப் பத்தி என்னைத்தான் கேட்டாங்க. நான்தான் வேணாம்னேன்."

நாத்தனாரின் முகத்தில் சிரிப்பு போகிற வழி தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

"நீங்களா?"

"அந்த டீம் சரியில்லம்மா. ராப்பகலா பிழிஞ்சு எடுப்பாங்க. நீ அங்க வந்து கஷ்டப்பட வேணாமேன்னுதான். உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"அவசரக்காரின்னு சொன்னது?"

"சும்மா ஒரு காரணம் சொல்லணுமேன்னு சொன்னது."

நாத்தனார் கட்டிலில் உட்கார்ந்தாள். கூடத்து மெஷின் ஒரு தையலை முடித்து அடுத்ததைத் தொடங்கியது.

"என் நல்லதுக்கு" என்றாள் கடைசியில்.

"ஆமாம்மா."

"சரி. நீங்களே சொன்னீங்க, அதுவரைக்கும் சந்தோஷம்." கைப்பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தாள். "மீட்டிங் முடிஞ்சு வெளியில வந்ததும் என் சர்வரைப் பார்த்தேன். கடிதம் ஒண்ணுகூட உள்ள வரலை. பழுதாயிடுச்சோன்னு நெனச்சேன். பழுது இல்லை, யாரோ கையால நிறுத்தியிருக்காங்க. பாஸ்வேர்டு தெரிஞ்சது நம்ம ரெண்டு பேருக்குத்தான்."

"மீட்டிங் நேரத்துல தொந்தரவு வேணாமேன்னு..."

"என்ன வந்துடும்னு நிறுத்தினீங்க?"

"அதான் இப்ப சொல்லிட்டேனே. அதேதான். முக்காலிக்கு எழுதினேன், தப்பா உனக்கும் வந்துடுச்சு. வேற ஒண்ணுமில்லை."

"சொல்லிட்டீங்க இல்ல, அப்புறம் என்ன பயம்?"

நாத்தனார் ஒரு வரி தட்டினாள்.

நாள் முழுக்க வாசலில் நின்றதெல்லாம் மொத்தமாக உள்ளே வந்தது. நாத்தனாரின் ஃபோன் மெத்தையில் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. "பட்டன் நீலம்னு முடிவாயிடுச்சாம்" என்று உணர்ச்சியே இல்லாமல் வாசித்தாள். "யாரோ அழுதுக்கிட்டே துணி மடிக்கறாங்களாம்."

பிறகு லேப்டாப் பக்கம் குனிந்தாள்.

லேப்டாப் திரையில் ஒரு கடிதம் வந்தது. பின்னாலேயே சீட்டும் வந்து சேர்ந்து, கடிதம் மறைந்தது. நாத்தனார் திரையை விட்டுவிட்டு ஃபோனைக் கையில் எடுத்தாள். அதில் அது முழுசாக இருந்தது.

ஒருமுறை படித்தாள். மேலே போய் மறுபடி படித்தாள். அவள் கண் 'பொய்' என்கிற வரியில் நின்றதை அண்ணி பார்த்தாள். அங்கே கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், கோபம் வரவில்லை. கண் கீழே இறங்கியது. அப்போதுதான் உதடு துடித்தது.

"நல்லதுக்குன்னு சொன்னது இதுல எங்கயும் இல்லையே."

"நான்... அப்படியே சொல்ல வாய் வரலைம்மா. மன்னிச்சிடு."

நாத்தனார் எழுந்து வந்து ஃபோனை அண்ணியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"கடைசி வரியை நீ படி."

"வேணாம்."

"முக்காலிக்கு எழுதத் தெரிஞ்சுது இல்ல? இத்தனை வருஷம் ஒரே வீட்ல இருக்கோம், என்கிட்ட ஒரு நாள் சொன்னியா? வாய்விட்டுப் படி. உன் குரல்ல கேக்கணும் எனக்கு."

ஃபோனை வாங்கிக்கொண்டாள் அண்ணி. எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தாள். மெல்லத்தான் தொடங்கினாள், ஆனால் இத்தனை வருஷம் உள்ளே கிடந்தது வெளியே வருகிறபோது குரல் அவள் பேச்சைக் கேட்காமல் உயர்ந்தது.

"வீட்லதான் அத்தையும் அவளும். ஆபீஸ்லயும் அவதான்னா, நான் எங்க போய் நானா இருக்கறது?"

கூடத்தில் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது.